தோற்கும் என்று தெரிந்த தொகுதியில் ஏன் நிற்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: உங்கள் தொகுதியில் ஒரு கட்சி நான்கு சட்டமன்றத் தேர்தலாக டெபாசிட் வாங்கியதில்லை, அடுத்த முறையும் ஆள் நிறுத்தப்போகிறதாம், தோற்பது உறுதி என்று டீக்கடையில் இருக்கிறவருக்கே தெரியும்போது எதற்கு இந்தச் செலவு, யாரிடமாவது பணம் வாங்கிக்கொண்டு ஓட்டைப் பிரிக்கத்தான் நிற்கிறார்களா? பார்க்க ஒரே கேள்விதான், ஆனால் உள்ளே இரண்டு இருக்கிறது. தோற்பதில் கட்சிக்கு என்ன கிடைக்கிறது என்பது ஒன்று. ஒரு தொகுதி தேறாது என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், என் பிழைப்பே அதில்தான் ஓடியது.

2001 முதல் 2021 வரை ஐந்து சட்டமன்றத் தேர்தல், நடுவில் வந்த நாடாளுமன்றத் தேர்தல்கள், ஒரு கட்சியின் மாவட்ட அலுவலகத்தில் வாக்குச்சாவடிக் கணக்குப் பார்த்தவன் நான். மேடை ஏறியதில்லை, சீட்டும் கேட்டதில்லை. எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம், சொன்னால் பதிலை விட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அலுவலகத்தில் இந்த மாதிரித் தொகுதிக்கு ‘தேறாதது’ என்று பெயர். பட்டியலில் சிவப்பு மையில் சுழித்து வைப்போம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். டெபாசிட் என்பது சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். அதாவது 16.67 சதவீதம் போல. இது ஒரு சின்னக் கட்சிக்கு ரொம்ப உயரமான வேலி. ஊரெல்லாம் ‘டெபாசிட் காலி’ என்று சிரிப்பார்கள், ஆனால் கட்சிக்குப் போவது அந்தப் பத்தாயிரம் மட்டும்தான். தொகுதிக்குத் தொகுதி பத்து சதவீதம் வாங்கி எல்லா இடத்திலும் டெபாசிட் இழந்த கட்சி, மாநில அளவில் பத்து சதவீதக் கட்சி. அந்தக் கட்சியை அடுத்த தேர்தலில் யாரும் வாசலில் நிற்கவைத்துப் பேச முடியாது.

தேமுதிகவைப் பாருங்கள். 2006-ல் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் தனியாக நின்றார்கள், ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான், அதுவும் விஜயகாந்த் நின்றதால். மற்ற இடமெல்லாம் உங்கள் பாஷையில் வீண் செலவு. ஆனால் மாநிலம் முழுக்க 8.4 சதவீதம் வந்திருந்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2011-ல் அதிமுக கூட்டணியில் 41 இடம் வாங்கினார்கள், 29-ல் ஜெயித்தார்கள், திமுகவே 23 இடத்தோடு நின்றுபோனதால் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 2006-ல் தோற்ற 230 சொச்சம் வேட்பாளர்களில் ஒருவருக்கும் அன்றைக்கு மாலை போட ஆளில்லை. ஆனால் 2011-ல் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேசியது அவர்கள் வாங்கிய ஓட்டுதான். நல்ல தொகுதியாகப் பார்த்து 30 இடத்தில் மட்டும் நின்றிருந்தால் இந்தச் சதவீதம் வந்திருக்கவே வராது, ஏனென்றால் சதவீதம் மாநிலத்தின் மொத்த ஓட்டை வைத்துத்தான் போடப்படுகிறது.

தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரமும் இதே கணக்குதான். மாநிலக் கட்சி ஆக பல வழி இருக்கிறது, 6 சதவீத ஓட்டோடு இரண்டு சட்டமன்ற இடம், அல்லது மொத்த இடத்தில் 3 சதவீதம் ஜெயிப்பது, இப்படி. 2011-ல் இன்னொரு வழி சேர்த்தார்கள்: ஒரு இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் 8 சதவீத ஓட்டு இருந்தால் போதும். நாம் தமிழர் கட்சி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. 2016-ல் 1 சதவீதத்தை ஒட்டி, 2021-ல் 6.6, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 8.2. அதுவரை ஜெயித்த தொகுதி பூஜ்யம். 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி. அங்கீகாரம் கிடைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நிலையான சின்னம், வேட்புமனுவுக்குப் பத்துப் பேர் முன்மொழிவதற்குப் பதிலாக ஒருவர், வாக்காளர் பட்டியல் இலவசமாக, நட்சத்திரப் பேச்சாளர் 20 பேருக்குப் பதில் 40 பேர். இதில் சின்னத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் மதிமுக திருச்சியில் ஒரே ஒரு தொகுதியில் நின்றது, பழைய பம்பரம் சின்னத்தைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குப் பொதுச்சின்னம், அதாவது நிற்கிற தொகுதியில் எல்லாம் ஒரே சின்னம், வேண்டுமானால் நாடாளுமன்றத் தேர்தலில் குறைந்தது இரண்டு தொகுதியில் நிற்கவேண்டும் என்பது விதி. சட்டமன்றத்தில் 5 சதவீத இடம், அதாவது 234-ல் 12. மதிமுகவின் துரை வைகோ தீப்பெட்டிச் சின்னத்தில் நின்று ஜெயித்துவிட்டார், அது வேறு விஷயம், பெரிய கூட்டணி பின்னால் இருந்தது. கூட்டணி இல்லாத சின்னக் கட்சி என்றால், நம்பிக்கையான தொகுதி மூன்றுதான் இருந்தாலும், சின்னத்துக்காகவே தேறாத ஒன்பது தொகுதியைச் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு கணக்கைக் காட்டும். அந்த ஒன்பதில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம்.

இதுவரை சொன்னது விதிப் புத்தகத்திலும் முடிவுப் பட்டியலிலும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடியது. இனிமேல் சொல்வது ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்து பார்த்தது. மற்ற மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஒரு தொகுதியை ‘இது நமக்குத் தேறாது’ என்று கூட்டணிக் கட்சிக்குத் தள்ளிவிடுவது சீட் பங்கீட்டில் ரொம்ப சுலபமான வேலை. நாங்களும் செய்தோம். எங்கள் மாவட்டத்தில் ஒரு தொகுதியைத் தொடர்ந்து மூன்று தேர்தல் வேறு வேறு கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்தோம். முதல் முறை எங்கள் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். இரண்டாம் முறை பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள், சிலர் உள்ளடி வேலையும் பார்த்தார்கள். மூன்றாம் முறை கேட்கவே ஆளில்லை. நான்காவது தேர்தலில் தலைமை ‘இந்த முறை நாமே நிற்கலாம்’ என்றது. பூத் ஏஜென்ட் பட்டியல் எடுக்கப் போனால், 280 சாவடியில் அறுபதுக்கு மேல் ஆளே கிடைக்கவில்லை. இருந்தவர்களில் பலர் அறுபது தாண்டியவர்கள், அவர்களுடைய பையன்கள் எந்தக் கட்சிக்குக் கொடுத்தோமோ அந்தக் கட்சியிலோ, எதிரியிடமோ போய்விட்டிருந்தார்கள். ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் ஒரு பாட்டி கூட்டணிக் கட்சியின் சின்னத்தைச் சொல்லி, ‘போன தடவை அதைத்தானே அமுக்கச் சொன்னீங்க, இப்ப என்ன இது புதுசா?’ என்று கேட்டார். நாற்பது வருஷக் கட்சியின் சின்னம் அந்தத் தெருவில் புதுசாகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. தோற்றுக்கொண்டே நின்றிருந்தால் எங்களுக்கு 18 சதவீதமாவது கையில் இருந்திருக்கும். நிற்காமல் இருந்ததில் அதுவும் கரைந்துவிட்டது. அந்தத் தொகுதி முதலில் தேறாததாக இருந்ததோ இல்லையோ, நாங்கள் அதைத் தேறாததாக ஆக்கினோம்.

அதனால்தான் ஒரு தொகுதியைப் பற்றி ‘இந்தக் கட்சி இங்கே ஜெயித்ததே இல்லை’ என்று யாராவது சொன்னால், எத்தனை தடவை நின்றது என்று நான் முதலில் கேட்பேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-லிருந்து 2021 வரை அங்கே மார்க்சிஸ்ட்டும் காங்கிரசும் தவிர வேறு யாரும் ஜெயித்ததில்லை. இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளும் மாநிலத்தை மாறி மாறி ஆண்ட காலம் முழுக்க அந்தத் தொகுதி இப்படித்தான் இருந்தது. 2024 இடைத்தேர்தலில் அதிமுக நேரடியாக நின்று டெபாசிட்கூட வாங்கவில்லை, காங்கிரஸ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. இதில் எவ்வளவு பங்கு அந்த மண்ணின் குணம், எவ்வளவு பங்கு பல வருஷமாகக் கூட்டணியில் விட்டுக்கொடுத்துக் கட்சி வளராமல் போனது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கேரள எல்லை, கிறிஸ்தவ சபை, இடதுசாரி சங்கங்கள் என்று அங்கே வேறு கதைகளும் உண்டு. இரண்டும் கலந்ததுதான் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

சரி, தேறும் தேறாது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பார்ப்போம்? பழைய ஆட்கள் சாதிக் கணக்கு, போன தடவை வித்தியாசம், இந்த இரண்டோடு முடித்துவிடுவார்கள். வாக்குச்சீட்டு முறை இருந்தபோது அவர்களுக்கும் வேறு வழியில்லை, பெரும்பாலும் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவார்கள், எந்த ஊரில் யாருக்கு விழுந்தது என்பது யூகம்தான். 2001-ல் மாநிலம் முழுக்க வாக்கு இயந்திரம் வந்தபிறகுதான் சாவடி வாரியாகக் கணக்கு வர ஆரம்பித்தது, எனக்கும் வேலை வந்தது. படிவம் 20 என்று ஒரு தாள். ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். அதைப் பக்கம் பக்கமாக உட்கார்ந்து படித்தால், 35,000 ஓட்டு வித்தியாசத்தில் தோற்ற தொகுதியில்கூட 90 சாவடியில் நாம் முதலிடம் வந்திருப்போம், இன்னொரு 60 சாவடியில் நூறு ஓட்டுக்குள் தோற்றிருப்போம், மீதியில் நசுங்கிப்போயிருப்போம். அதே 35,000 வித்தியாசம் வேறொரு தொகுதியில் எல்லாச் சாவடியிலும் சீராக 120, 130 ஓட்டாகப் பரவியிருக்கும். பத்திரிகையில் இரண்டும் ஒரே தோல்வி. எனக்கு முதலாவது தேறக்கூடியது, ஏனென்றால் ஆள் எங்கே இருக்கிறார்கள், எங்கே இல்லை என்று தெரிகிறது. இரண்டாவதில் காற்று மாறினால் ஒழிய நம்மால் ஒன்றும் ஆகாது.

காற்று மாறும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 1991-ல் பர்கூரில் ஜெயித்து முதலமைச்சரான ஜெயலலிதா 1996-ல் அதே பர்கூரில் திமுகவின் சுகவனத்திடம் தோற்றார், அந்தத் தேர்தலில் அதிமுகவுக்குக் கிடைத்தது மொத்தம் 4 இடம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நின்று ஜெயித்த ஆண்டிபட்டியை அதிமுகவின் கோட்டை என்று சொல்லாத ஆளில்லை. 2019 இடைத்தேர்தலில் அண்ணன் தம்பி இருவர் எதிரெதிராக நின்றார்கள், திமுகவின் மகாராஜன் ஜெயித்தார், 2021-லும் அவர்தான். கொளத்தூரில் ஸ்டாலின் 2011-ல் 2,734 ஓட்டில்தான் கரையேறினார், 2021-ல் 70,000 தாண்டிய வித்தியாசம். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் திமுக கூட்டணிக்கு 39-ம் தேறாத தொகுதி, திமுக 23 சதவீதம் சொச்சம் ஓட்டு வாங்கியும் ஒன்றுகூட இல்லை. ஐந்தே வருஷத்தில் தேனி தவிர 38 இடமும் அந்தக் கூட்டணிக்கு. கோவை மாவட்டம் 2021-ல் பத்துக்குப் பத்தும் அதிமுக கூட்டணி, அடுத்த வருஷமே மாநகராட்சியில் 100 வார்டில் 96 திமுக கூட்டணி, 2024-ல் நாடாளுமன்றத் தொகுதியும் அவர்களுக்கே. உள்ளாட்சியில் ஆளுங்கட்சிக்கு எப்போதும் ஒரு தூக்கு உண்டு, அதை வைத்து மட்டும் ‘கோவை மாறிவிட்டது’ என்று சொல்லமாட்டேன். ஆனால் சிவப்பு மையால் சுழித்துத் தூக்கிப்போட்டிருந்தால் இதற்கெல்லாம் ஆளே இருந்திருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்வேன்.

இப்போது உங்கள் கேள்வியில் இருந்த கசப்பான பகுதி, பணம் வாங்கிக்கொண்டு ஓட்டைப் பிரிப்பது. இது நடக்கவே இல்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். சுயேச்சைகளில் பெரிய கட்சிகளே நிறுத்தும் டம்மிகள் உண்டு, அவர்கள் பெயரில் கூடுதல் பூத் ஏஜென்ட், கூடுதல் வண்டி என்று உபயோகம் இருப்பதால். ஆனால் ஒரு கட்சி ஒரு தொகுதியில் காசுக்காக நிற்கிறது என்று நிரூபிக்கும்படி எதுவும் இருபது வருஷத்தில் என் கண்ணில் பட்டதில்லை, காதில் மட்டும் நூறு தடவை விழுந்திருக்கிறது, அதுவும் தோற்ற கட்சியின் ஆட்கள் வாயிலிருந்துதான். அவர்கள் போடும் கணக்கிலேயே ஒரு பொத்தல் இருக்கிறது. மூன்றாவது வந்தவர் 9,000 வாங்கினார், நாம் 6,000-ல் தோற்றோம், அவர் இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம் என்பார்கள். அந்த 9,000 பேரில் எத்தனை பேர் இரண்டு பெரிய கட்சியும் வேண்டாம் என்றே வந்தவர்கள், எத்தனை பேர் அவர் நிற்காவிட்டால் சாவடிக்கே வந்திருக்கமாட்டார்கள், எத்தனை பேர் எதிரிக்குப் போட்டிருப்பார்கள் என்பதைக் கடவுளைத் தவிர யாரும் சொல்ல முடியாது. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியை ஓட்டைப் பிரிக்க வந்த அணி என்றே எல்லோரும் பேசினார்கள். அந்த அணி ஒரு இடமும் ஜெயிக்கவில்லை, உண்மை. ஆனால் அந்த அணியில் இருந்த விசிகவின் திருமாவளவன் காட்டுமன்னார்கோவிலில் தோற்றது 87 ஓட்டில். அங்கே யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்கள்? 2021-ல் அதே தொகுதியை விசிக ஜெயித்தது. 2016-ல் ‘எதற்கு வீணாக’ என்று நிற்காமல் இருந்திருந்தால் 2021-ல் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

வேட்பாளர் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. தேறாத தொகுதிக்கு ஆள் பிடிப்பது ஒரு தனிச் சங்கடம். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு காட்டலாம் என்று வரம்பு. அந்தத் தொகுதிக்குத் தலைமை அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது, ‘பார்த்துக்கோப்பா’ என்பார்கள். வசதியானவர் நழுவிவிடுவார். கடைசியில் மாட்டுவது கட்சிமேல் பிரியம் வைத்த ஒரு ஒன்றியப் பொறுப்பாளர், அல்லது புதிதாக வந்த இளைஞர். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நின்று மனைவி நகையை அடகு வைத்தார், டெபாசிட் போனது. தேர்தல் முடிவு வந்து 30 நாளில் செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும், தவறினால் மூன்று வருஷம் வரை நிற்கத் தடை வரலாம், அதைக்கூட அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கடைசி வாரத்தில் நான்தான் உட்கார்ந்து ரசீதுகளை அடுக்கினேன். ஆனால் பிரச்சாரம் நடந்த அந்தப் பதினைந்து நாளில் தொகுதியில் கால்படாத ஊர் இல்லை என்று சுற்றிவிட்டார். அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தார். இப்படி எத்தனை பேர் மேலே வந்தார்கள், எத்தனை பேர் கடனோடு காணாமல் போனார்கள் என்று எண்ணினால் இரண்டாவதுதான் அதிகம் இருக்கும். கட்சிகள் இந்த ஆட்களை நடத்தும் விதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. நிறுத்துவது சரி. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு.

உங்கள் தொகுதிக்கு வருகிறேன். தொகுதிப் பெயரை நீங்கள் சொல்லவில்லை, அதனால் அந்தக் கட்சி உருப்படியாக நிற்கிறதா, பெயருக்கு நிற்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20 தொகுதி வாரியாகக் கிடைக்கும். கடைசி இரண்டு சட்டமன்றத் தேர்தலுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், சாவடி எண்கள் நடுவில் மாறியிருக்கும், எண்ணைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்திப் பாருங்கள், கொஞ்சம் கண் வலிக்கும். அந்தக் கட்சியின் ஓட்டு குறிப்பிட்ட பத்து இருபது சாவடியில் மட்டும் இரட்டிப்பாகியிருந்தால் அங்கே யாரோ தெருத்தெருவாக வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாச் சாவடியிலும் ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று சீராகக் கிடந்தால் சின்னத்துக்கோ சதவீதத்துக்கோ நிற்கிறார்கள். அப்புறம் வாக்குப்பதிவு நாளன்று உங்கள் சாவடிக்குள் போகும்போது அந்தக் கட்சியின் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள். காலை ஏழு மணிக்கு இருந்து மாலை இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்வரை ஒருவர் அங்கே இருந்தால், காசு வாங்கிக்கொண்டு நிற்கிற கட்சியாக இருக்க வாய்ப்பு குறைவு. தாள்களை எடுத்து இங்கே போட்டீர்கள் என்றால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன், பழக்கம் விட்டுப்போகவில்லை.